இருபதில் ஒரு பங்கு

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் விசைப்படகுகளில் நடுத்தரமான ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 3.6 மீட்டர். ஆள், ஐஸ், வலை, டீசல் எல்லாம் ஏறிய பிறகு எடை 20 டன் என்று கொள்வோம். இந்தப் படகை இருபது மடங்கு சிறிதாக்கி, பால்சா மரத்தில் கட்டி, ரேடியோவால் ஓட்டப்போகிறோம்.

நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 18 சென்டிமீட்டர். இதுவரை கணக்கு சுலபம். எடை எவ்வளவு வர வேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றுமே இருபது மடங்கு குறைகின்றன. ஆகவே கன அளவு 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு குறையும். 20,000 கிலோவை 8,000-ஆல் வகுத்தால் 2.5 கிலோ. பெரிய படகு கடலில் எந்தக் கோடுவரை மூழ்கி நிற்கிறதோ, அதே கோடுவரை நம் படகும் மூழ்க வேண்டுமென்றால் அதன் எடை இதுதான். ஒரு கிலோ குறைந்தால் தக்கை மாதிரி துள்ளும். ஒரு கிலோ கூடினால் மேல்தளத்தில் தண்ணீர் ஏறும்.

நீளம் 20 மடங்கு, பரப்பு 400 மடங்கு, எடை 8,000 மடங்கு, வேகம் ஏறத்தாழ நாலரை மடங்கு. காற்றோ சுருங்கவே சுருங்காது. ஒரு பொருளைச் சிறிதாக்கும்போது அதன் குணங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறிதாவதில்லை. மாதிரிப் படகு கட்டுபவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் எல்லாம் இந்த இடத்திலிருந்தே கிளம்புகின்றன. இதைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள மாதிரிப் படகைவிடச் சிறந்த கருவி பள்ளி ஆய்வகத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புதுச்சேரியில் இந்தக் கலைக்கு ஒரு வீடு இருக்கிறது. அது என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவு. இங்குள்ள மாணவர்கள் பாய்மரப் படகில் காரைக்கால் வரை கடலோரமாகச் சென்று திரும்பும் பயணங்கள் செய்தித்தாள்களில் படத்தோடு வரும். அதே பிரிவு மாணவர்கள் கற்கும் பாடங்களில் ஷிப் மாடலிங்கும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் துடுப்பு வலித்தல், பாய்மரம் செலுத்துதல், கொடிச் சைகை ஆகியவற்றோடு கப்பல் மாதிரி கட்டுவதும் போட்டியாக நடக்கிறது. காட்சிக்கு மட்டும் வைக்கும் மாதிரி, பாயில் ஓடும் மாதிரி, மோட்டாரில் ஓடும் மாதிரி என்று வகைகள் உண்டு. ஓடும் மாதிரிகளுக்கு அவர்கள் பெரிதும் நாடும் மரம் பால்சா.

பால்சா நம்மூர் மரமில்லை. வெப்பமண்டல அமெரிக்காவில் வளர்வது. உலகச் சந்தைக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஆனாலும் நமக்கு அன்னியமானதல்ல. தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இலவங்காய் வெடித்தால் பஞ்சு பறப்பதுபோல் பால்சா காய் வெடித்தாலும் விதைகள் பஞ்சோடு வெளிவரும். நட்ட ஆறேழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும் அளவுக்கு விரைவாக வளர்கிறது. விரைவாக வளர்வதால் செல்கள் பெரியவை, அவற்றின் சுவர்கள் மெல்லியவை. உயிரோடு நிற்கும் மரத்தில் அந்தச் செல்கள் நிறையத் தண்ணீர் இருக்கும். வெட்டி, சூளையில் உலர்த்தினால் தண்ணீர் போய்க் காற்று நிறையும். அப்போது ஒரு கன சென்டிமீட்டர் மரம் ஏறத்தாழ 0.16 கிராம்தான். தேக்கு 0.65 கிராம் அளவில் இருக்கும். நாலு மடங்கு கனம்.

இந்த மரத்தின் மீது உலகத்தின் கண் விழுந்தது 1947-இல். நார்வேக்காரர் தோர் ஹெயர்தால் ஒன்பது பால்சாத் தண்டுகளைக் கயிற்றால் கட்டி, கோன்-டிக்கி என்று பெயரிட்டு, தன்னோடு ஐவரை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 28 அன்று பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். பால்சா தண்ணீரை உறிஞ்சிப் பாதிவழியில் மூழ்கிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். 101 நாட்கள் கழித்து, பசிபிக் கடலின் நடுவே ரரோயியாப் பவளத்திட்டில் அந்தத் தெப்பம் கரைதட்டியது. மூழ்காததற்கு ஒரு காரணம், தண்டுகள் பச்சையாக வெட்டப்பட்டவை. உள்ளே மரச்சாறு நிறைந்திருந்ததால் கடல்நீர் ஆழமாகப் புக முடியவில்லை.

கட்டுமரத்தில் கடலுக்குப் போன நம் மீனவர்களுக்கு இதே பிரச்சினை இருந்தது; அவர்கள் கண்ட தீர்வு வேறு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மலைவேம்பு, வாகை போன்ற இலேசான மரங்கள் தண்ணீர் குடித்துக் கனத்தால் மறுநாள் சுமை ஏறாது, வேகமும் கிடைக்காது. வீராம்பட்டினம் கடற்கரையில் ஒரு காலத்தில் அன்றாடக் காட்சி இது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியதால் இப்போது அரிதாகிவிட்டது.

நாம் வாங்கும் பால்சாப் பலகை சூளையில் உலர்ந்தது. செல்களுக்குள் காற்று, குறுக்கே வெட்டிய முனையில் அத்தனை வாய்களும் திறந்திருக்கும். ஒரு துண்டை நிறுத்தி, அதன் முனையில் மையைத் தொட்டுப் பாருங்கள். நரம்பு வழியே மை மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே பால்சாப் படகு என்று சொன்னாலும், தண்ணீரைத் தொடுவது பால்சாவாக இருக்கக் கூடாது. கட்டி முடித்த உடலுக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் சாண்டிங் சீலரை உள்ளும் புறமும் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்து, வெளிப்புறம் மெல்லிய கண்ணாடித் துணி போர்த்தி எபாக்ஸி பூச வேண்டும். ஃபைபர் படகு பழுது பார்க்குமிடங்களில் கிடைக்கும் சாதாரண ரெசின் மலிவானதுதான். ஆனால் மரத்தைக் கவ்விப் பிடிப்பதில் எபாக்ஸிக்கு ஈடாகாது. அறைகளின் உட்புறத்தையும் விடக் கூடாது. சுக்கான் துளை வழியாக வரும் நாலு சொட்டுத் தண்ணீர் உள்ளிருந்தே மரத்தை அழித்துவிடும்.

கட்டும் முறை பெரிய படகின் முறையேதான். நடுவே முதுகெலும்பாக ஏரா, அதன்மேல் குறுக்கே விலா எலும்புகள்போல் வங்குகள், வங்குகளின் மேல் பலகை. ஏராவை 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுக்கலாம். ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு வங்கு போதும். சமமான பலகை ஒன்றின்மேல் எல்லாவற்றையும் தலைகீழாக நிறுத்தி ஒட்டினால் முறுக்கல் வராது.

பலகை போடும் இடத்தில்தான் பால்சாவோடு நிஜமான பழக்கம் ஏற்படுகிறது. கடையில் ஒரே அளவில் அடுக்கியிருக்கும் பலகைகளில் இரண்டைக் கையில் எடுத்து அகலவாக்கில் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒன்று சுருட்டுவதுபோல் வளைந்துகொடுக்கும். மற்றொன்று விறைப்பாக நின்று, அழுத்தினால் டப்பென்று பிளக்கும். மரம் ஒன்றே, அறுத்த திசைதான் வேறு. ஆண்டு வளையங்களைத் தொட்டுக்கொண்டு அறுத்த பலகை வளையும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி, கதிர்போல் அறுத்த பலகையில் மீன்செதில் போன்ற மினுமினுப்புப் புள்ளிகள் தெரியும், அது வளையாது. புள்ளிப் பலகையை வங்குகளுக்கும், வளையும் பலகையை வெளிப்புறத்துக்கும் ஒதுக்க வேண்டும். இந்தத் தெரிவு சரியாக அமைந்தால் வேலையில் பாதி முடிந்தமாதிரி.

படகின் முன்முனையான அணியத்தின் அருகில் பலகை முறுகியும் வளைந்தும் போகும். அங்கே பலகையின் வெளிப்பக்கத்தை மட்டும் வெந்நீரால் நனைத்தால், நனைந்த நார்கள் உப்பிப் பலகை தானாக உள்பக்கம் வளையும். குண்டூசியால் குத்தி இருத்தி, காயவிட்டு, பிறகுதான் பசை. இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் காயும் பசை இழுத்து உடலையே முறுக்கிவிடும். முடிந்ததும் முரட்டு உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பால்சா மிக மென்மையானது. வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் போன தடம் பள்ளமாகப் பதிந்துவிடும்.

உடல், மேல்தளம், துணி, எபாக்ஸி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் வரும். மோட்டார், பேட்டரி, தண்டு, சுக்கானைத் திருப்பும் சர்வோ, ரிசீவர் சேர்த்து இன்னும் முக்கால் கிலோ. ஆக ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நமக்கு வேண்டியது 2.5 கிலோ. மீதி 1.4 கிலோவை ஈயமாகப் போட்டாக வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் இதற்கு அளவெடுத்தாற்போல் உதவும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். கடைசியில் ஈயம் போட்டுக் கனமாக்கப் போகிறோம் என்றால், உலகத்திலேயே இலேசான மரங்களில் ஒன்றைத் தேடிப் போவானேன்? தேக்கிலேயே கட்டியிருக்கலாமே?

எடை எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். எடை எங்கே இருக்கிறது என்பது மறுபாதி. படகு ஒரு பக்கம் சாயும்போது, சாய்ந்த பக்கத்தில் கூடுதலாக நீர் விலகுகிறது. நீரின் உந்துவிசை அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. படகின் எடையோ ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழே இழுக்கிறது. ஈர்ப்பு மையம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை நீர் ஜெயிக்கும், படகு நிமிரும். எல்லையைத் தாண்டி மேலே போனால் கவிழும். நம் அளவிலுள்ள உடலுக்குக் கணக்குப் போட்டால் அந்த எல்லை அடிமட்டத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிறது. ஈர்ப்பு மையத்தை 7 சென்டிமீட்டருக்குள் வைத்தால் நிம்மதி. மேல்தளமும் கேபினும் பாய்மரமும் தேக்காக இருந்தால் இது நடக்காது. பால்சாவால் மேலே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிராமும் அடியில் ஈயமாக வைக்கக் கிடைக்கிறது.

அடுத்தது வேகம். இதைப் புரியவைத்தவர் வில்லியம் ஃபிரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவர் காலத்தில் மாதிரிப் படகை இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று நிபுணர்களே நம்பினார்கள். ஃபிரவுட் 1867-இல் டார்ட் ஆற்றில் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 3 அடி, 6 அடி, 12 அடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்தார். ஒரே வேகத்தில் இழுத்தால் அவை எழுப்பும் அலைகள் ஒத்துப்போகவில்லை. நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்தபோது சிறியதும் பெரியதும் ஒரே மாதிரி அலையை எழுப்பின. 1872-இல் டார்க்கி நகரில் அவர் அமைத்த சோதனைத் தொட்டிதான் இன்று உலகெங்கும் உள்ள தொட்டிகளின் மூதாதை. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும், விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை ஆய்வகத்திலும் அந்த வழிமுறையில்தான் இன்றும் மாதிரிகளை இழுத்து அளக்கிறார்கள்.

இருபதின் வர்க்கமூலம் 4.47. விசைப்படகு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறதென்றால், நம் மாதிரி மணிக்கு 3.4 கிலோமீட்டர் போக வேண்டும். அதாவது, கரையில் ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம். 10 மீட்டர் தூரத்தை 11 வினாடியில் கடக்க வேண்டும். பலரும் பெரிய மோட்டாரைப் பூட்டி மாதிரியைச் சீறவிடுகிறார்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும் மீன்பிடிப் படகை எந்தத் துறைமுகத்திலும் பார்க்க முடியாது. நிதானமாக ஓடும் மாதிரிதான் அணியத்தின் இருபுறமும் அசலான அலையை விரிக்கும்.

நேரமும் இதே விகிதத்தில் சுருங்குகிறது. அசல் படகு 4 வினாடிக்கு ஒருமுறை ஆடினால் மாதிரி ஒரு வினாடிக்குள் ஆடி முடிக்கும். பழைய சினிமாக்களில் கப்பல் காட்சி பொம்மை என்று உடனே தெரிந்துவிடுவதற்கு இந்தப் படபடப்பு ஒரு முக்கியக் காரணம். செல்பேசியில் நாலு மடங்கு மெதுவாக ஓடும் ஸ்லோமோஷனில் உங்கள் படகைப் படமெடுத்துப் பாருங்கள். 4.47-க்கு மிக அருகில் வந்துவிடுவதால், அந்தச் சிறு படகு திடீரென்று 20 டன் கனத்தோடு நகர்வதுபோல் தெரியும். நீர்த்துளிகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். துளியின் அளவை நீரின் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. அது நம் விகிதத்துக்குக் கட்டுப்படாது.

காற்றும் கட்டுப்படாது. காற்று தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது, நிமிர்த்தும் விசை எடையைப் பொறுத்தது. ஒன்று 400 மடங்கு குறைய, மற்றது 8,000 மடங்கு குறைகிறது. ஆகவே அதே காற்று மாதிரிப் படகை இருபது மடங்கு எளிதாகச் சாய்க்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் கடற்காற்று நம் படகுக்கு 67 கிலோமீட்டர் சூறாவளிக் காற்றுக்குச் சமம். புதுச்சேரியில் பகலில் கடற்காற்று எழும்பிவிடும். அதிகாலைதான் நமக்கு உகந்த நேரம்.

அலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுச்சேரிக் கரையில் ஒரு மீட்டர் அலை அடிப்பது சாதாரணம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சலங்கு என்னும் தைத்த படகுகள் அந்த அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கிய ஊர் இது. 1866-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோனது. சலங்கின் பலகைகள் ஆணியால் அடிக்கப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அடித்தால் உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். நம் படகுக்கு அந்த ஒரு மீட்டர் அலை, 20 மீட்டர் உயர மலை. 5 சென்டிமீட்டர் சிற்றலையே அதற்கு நிஜக் கடல்.

இனி ரேடியோ. கம்பியில்லாமல் ஒரு பொருளை இயக்கிய முதல் புகழ்பெற்ற காட்சியே ஒரு படகுதான். 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், தொட்டியில் மிதந்த சிறு படகை நிக்கோலா டெஸ்லா தூரத்திலிருந்து திருப்பினார், நிறுத்தினார், அதன் விளக்குகளை மினுக்கினார். பார்த்தவர்களில் சிலர் மாயம் என்றே நினைத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டியிருந்தார். டெஸ்லாவின் படகுக் காப்புரிமை 1898 நவம்பர் 8 அன்று பதிவானது.

இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் உரிமம் தேவையில்லை. அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்பதால் ஆன்டெனா வெறும் 3 சென்டிமீட்டர் கம்பி. கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை அசைத்தால், ரிசீவர் வினாடிக்கு 50 முறை சர்வோவுக்குத் துடிப்பு அனுப்பும். துடிப்பு 1.5 மில்லிவினாடி நீடித்தால் சுக்கான் நடுவில் நிற்கும். 1 மில்லிவினாடி என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். அவ்வளவு எளிய மொழி.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, கேபினுக்குள் நிமிர்த்தி வையுங்கள். கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் உதவும். அதற்கென்றே திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இயங்குகிறது. அந்த நிலையத்தின் அலைநீளம் கிலோமீட்டர் கணக்கு.

மற்றது, கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரின் தீப்பொறி. ஹெர்ட்ஸ் முதன்முதலில் ரேடியோ அலையை உண்டாக்கியதே மின்பொறியால்தான். உங்கள் மோட்டாரும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டராகி, ரிசீவரின் காதில் இரைச்சல் போடும். 104 என்று அச்சிட்ட சின்னக் கபாசிட்டர்கள் மூன்றை வாங்கி, ஒன்றை இரு முனைகளுக்கும் இடையே, மற்ற இரண்டை முனைக்கு ஒன்றாக மோட்டாரின் உடலோடு பற்றவைத்தால் இரைச்சல் அடங்கும்.

எங்கே ஓட்டுவது? ஊசுடு ஏரி அழகானது, ஆனால் அது பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகளின் நடுவே மோட்டாரை ஓட்டுவது தகாது. பள்ளி, கல்லூரி வளாகத்துத் தொட்டியோ, அனுமதி பெற்ற நீச்சல் குளமோ போதும். பத்து மீட்டர் நீளம் இருந்தால் ஃபிரவுட் செய்த சோதனையையே செய்துவிடலாம். டேப், செல்பேசிக் கடிகாரம், ஒரே வடிவத்தில் இரண்டு அளவுப் படகுகள்; வேறெதுவும் வேண்டாம். புதுச்சேரியில் கடற்படைப் பிரிவு இல்லாத பள்ளிகளிலும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் விதியைப் படிக்கும் மாணவர் கையில் ஒரு பால்சாப் பலகையைக் கொடுக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

ஏரியிலோ குளத்திலோ ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி தீர்ந்து படகு நடுவில் நின்றுவிட்டால் நீந்திப் போய் எடுக்காதீர்கள். சேறும் பாசிக்கொடியும் உள்ள நீரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே சிக்கியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு அறைகளைத் தெர்மோகோலால் நிறைத்து அடைத்திருந்தால் படகு மூழ்காது. காற்று எந்தக் கரைக்கு வீசுகிறதோ அந்தக் கரையில் போய் நில்லுங்கள். படகு வந்து சேரும்.